களத்தில் குழந்தைகள் இல்லை

வெயில் ஏறிவிட்டால் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. அதனால் இருட்டோடு இருட்டாகவே காய் உடைக்க உட்கார்ந்துவிட வேண்டும். கொடுவாளால் நடுவில் ஒரு போடு, காய் இரண்டாகும், தண்ணீர் முழங்கை வரை வழியும். மாசாணியம்மாளின் சேலை முழுக்கப் புளித்த தேங்காய்த் தண்ணீரின் வாடை. இடது உள்ளங்கையில் ஆறாத வெட்டுக்காயம் வேறு காந்திக்கொண்டிருந்தது.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே இருக்கிறது அரங்கசாமியின் உலர்களம். உடைத்த காயை வெயிலில் காயப்போட்டு, தொட்டி என்கிற சிரட்டையிலிருந்து கொப்பரைப் பருப்பைப் பெயர்த்து, எண்ணெய் ஆலைக்கு ஏற்றி அனுப்புகிற இடம். உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் களத்து ஓரத் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்கின்றன. ஊருக்கெல்லாம் எண்ணெய்க்குப் பருப்புத் தருகிற களத்தில் பிள்ளைகளின் தலை மட்டும் செம்பட்டையாய்க் காய்ந்து கிடந்தது.

மாசாணியின் கண் தொட்டிக் குவியல் பக்கமே போய்ப் போய் வந்தது. அதன் நிழலில் மகள் அன்புக்கரசி. மூன்று வயது ஆகப்போகிறது. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். போன மாதம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, எடை ரொம்பக் குறைவு, அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிக் கொடுப்பதில்லையா என்று நர்ஸ் சத்தம் போட்டாள். மாசாணி அங்கிருந்து நேரே அங்கன்வாடிக்குப் போனாள். டீச்சர் தெய்வாத்தாள் கையைப் பிசைந்தாள்.

"கணக்குல இருக்கற புள்ளைகளுக்குத்தான் மாவு வருது கண்ணு. களத்துல குழந்தைகளே இல்லைன்னு உங்க மொதலாளி சொல்லிப்போட்டாரு. மாவு எத்தன பேருக்குப் போய்ச் சேருதுன்னு அளக்கறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வாராங்க. அன்னைக்குப் புள்ளையை எடை மிசின்ல ஏத்திப்போடு. அப்புறம் யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதல்லோ."

எங்கிருந்தோ ஒரு பொட்டலத்தையும் எடுத்து நீட்டினாள். அது தீர்ந்து நாளாகிறது. அளக்க வருகிற நாள் இன்று.

அரங்கசாமிக்கும் அது தெரியும். விடியும்போதே காரில் வந்து இறங்கினார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. குடியைக் கிளப்பினாலும் மரியாதையாகத்தான் கிளப்புவார்.

"ஏனுங்க அம்மணிகளா, சர்வேக்காரங்க வந்தா, புள்ளைகெல்லாம் சொந்த ஊர்ல இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. செவ்வந்தி, நீ கொட்டாய்க்குள்ளயே இருந்துக்க."

செவ்வந்திக்கு ஏழாம் மாதம். கொடுவாளைக் கீழே வைத்தாள். "நான் எதுக்குங்க உள்ள இருக்கோணும்?"

"வயித்தோட நீ காய் உடைக்கறதப் பாத்தா நாளைக்கே லேபர் ஆபீசுக்காரன் வருவான். தகரக் கொட்டாய்ல குழந்தைகள வெச்சிருக்கறேன்னு இன்னொருத்தன் வருவான். நான் களத்த மூடிப்போட்டு வேற தொழிலுக்குப் போயிருவேன். நீங்க எங்க போவீங்க?"

"புள்ளைக்கு எடை பத்தலைங்க மொதலாளி," என்றாள் மாசாணி. "கணக்குல ஏறுனா மாவு கெடைக்குமுங்க."

"மாவுதானே? ரெண்டு பாக்கெட் நானே வாங்கித் தாரேன்."

"அது தீந்தப்புறமுங்க?"

அவர் சிரித்தார். "சொன்னது புடிக்கலீன்னா சாயங்காலம் கொட்டாயக் காலி பண்ணிக்கலாமுங்க. நான் யாரையும் கட்டிப் புடிச்சு வெக்கலை."

செவ்வந்தி எழுந்து கொட்டகைக்குள் போனாள். மற்றவர்களின் கொடுவாள்கள் காய்மேல் விழுந்துகொண்டிருந்தன. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. களம் முழுக்கப் பாதி காய்ந்த பருப்பு. ஒரு மழையில் நனைந்தாலும் பூசணம் பிடித்துவிடும். அரங்கசாமி வானத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். மாசாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் இருக்க இடமில்லை. சொல்லாவிட்டால் பிள்ளை இருக்குமோ இருக்காதோ.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

கேட்டதுதான் தாமதம், களத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தொட்டிக் குவியலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். யாரும் விரட்டவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்பதுதான் களத்துப் பிள்ளைகள் கற்கும் முதல் பாடம். தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பெற்றவர்களே கற்றுக்கொடுத்தது. நாலடி நடக்க முடியாத அன்புக்கரசியும் விழுந்து எழுந்து ஓடினாள்.

கோயமுத்தூரிலிருந்து அளக்க வந்த இளம்பெண் யுஸ்ரா தெய்வாத்தாளோடு வந்து இறங்கி, தோளில் எடை மிசினும் கையில் டேப்லெட்டுமாக நின்றாள்.

"ஆறு வயசுக்குக் கீழ குழந்தைங்க யாராச்சும் இருக்காங்களாங்க?"

"யாருமில்லைங்க," என்றார் அரங்கசாமி.

தெய்வாத்தாள் தலை குனிந்துகொண்டாள். யுஸ்ராவின் விரல் 'குழந்தை இல்லை' என்று பதிய டேப்லெட்டைத் தொடப் போனது. தொட்டுவிட்டால் முடிந்தது. இல்லாத குழந்தைக்குப் பசி ஏது? ஊரில் எல்லாருக்கும் மாவு போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்குச் சுத்தமாகிவிடும்.

"இருக்குதுங்க!" மாசாணி எழுந்துவிட்டாள். "எம்புள்ளை இருக்குது!"

"மாசாணி, சாயங்காலம்..."

"காலி பண்ணிக்கறனுங்க. அதுக்காகப் பெத்த புள்ளைய இல்லைன்னு சொல்ல முடியாதுங்க." குவியல் பக்கம் திரும்பினாள். "அன்பு, வெளிய வா கண்ணு!"

ஒரு பிள்ளையும் வரவில்லை. பாடம் அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது.

அப்போது கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு செவ்வந்தி வெளியே வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மாசாணியின் பக்கத்தில் நின்றாள். "டேய் தமிழ்வேந்தா, வாடா சாமி!" என்று தன் மகனைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதும் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு எல்லாப் பெண்களும் எழுந்து அவரவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குவியலுக்கு மேலே செம்பட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

"மிசின் வெக்க சமதரை வேணுமுங்க," என்றாள் யுஸ்ரா.

சமதரை எல்லாம் பருப்புக்கு அடியில் இருந்தது. மாசாணி பலகையை எடுத்துப் பருப்பை ஒதுக்கித் தள்ளினாள். மற்றவர்களும் தள்ளினார்கள்.

"மழை வருது! மொதல்ல தார்ப்பாயப் போடுங்க!" அரங்கசாமியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "மாசாணி ஒருத்தி போகட்டும். மத்தவங்க வேலையப் பாருங்க. உங்க கொட்டாய்க்கு நான் கேரண்டி."

"பருப்பத் தெனமும் எடை போடறீங்க," என்றாள் செவ்வந்தி. "இன்னைக்கு எங்க புள்ளைகளப் போட்டுக்கறமுங்க. அப்புறம் பருப்ப மூடித் தாரோம்."

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாசாணியின் கணவன் ஆறுச்சாமி, முதுகுச் சுமையை இறக்கி வைத்தான். "ஒரு கொட்டாய் காலின்னா எல்லாக் கொட்டாயும் காலிங்க மொதலாளி. இந்த மேகத்துக்கு வேற ஆளு கெடைச்சா வெச்சுக்குங்க."

அரங்கசாமி போனை எடுத்து யாரிடமோ, "கொட்டாயெல்லாம் காலி பண்ணோணும், உடனே ஆளுகளோட வா," என்றார்.

முதல் தூறல் விழுந்தது. ஆறுச்சாமி தார்ப்பாயை உதறினான். ஆண்களும் பெண்களுமாக அதன் விளிம்பைப் பிடித்து, பருப்புக்கு மேலே அல்ல, பிள்ளைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அன்புக்கரசி கடைசியாக வெளியே வந்து மிசினில் ஏறினாள். யுஸ்ரா எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"பேருங்க?"

"அன்புக்கரசி," என்று சாலை வரை கேட்கும்படி சொன்னாள் மாசாணி.

சாலையில் வண்டிச் சத்தம். ஒன்றல்ல, நாலைந்து. பிள்ளைகள் திடுக்கிட்டுக் குவியல் பக்கம் திரும்பினார்கள். மாசாணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாத கண்ணு. இங்கயே நில்லு."

வண்டிகள் களத்துக்குள் திரும்பின. யாரும் ஓடவில்லை.