கேமரா இல்லாத மாடல்

அப்படியானால் அந்தக் குப்பையை யாருமே பார்க்கப் போவதில்லை, அதுதானே இதற்கு அர்த்தம், என்று நினைத்துக்கொண்டு நின்றான் கிளிஃபர்ட். எதிரே, உத்தமன் என்று சட்டைப் பையில் பெயர் குத்தியிருந்த விற்பனைக்காரன் ஒரு கைப்பிடி அவலை எடுத்து வெள்ளைத் தரையில் விசிறினான், தாம்பாளம் அளவுக்கு வட்டமாக இருந்த கருப்பு இயந்திரம் முனகிக்கொண்டே வந்து அவலைத் தின்றது, தின்றுவிட்டு மூலையில் நிற்கும் தன் பெட்டியைத் தேடிப் போய் முதுகைக் கொடுத்து ஒட்டிக்கொண்டது, பெட்டி ஒரு உறுமல் உறுமி அதன் வயிற்றில் இருந்ததையெல்லாம் உறிஞ்சியது... அவ்வளவுதான், அவல் விழுந்த சுவடே இல்லை. "பாருங்க சார், நீங்க குனியவே வேணாம். அதுவே பெருக்கும், அதுவே கொட்டிக்கும். உள்ள ஒரு பை இருக்கு, ரொம்பினா அப்டியே உருவி கஸ வண்டில, அதான் குப்பை வண்டில, போட்டுடுங்க. ரெண்டு மாசத்துக்கு குப்பை மூஞ்சில முழிக்கத் தேவையில்ல." குப்பை முகத்தில் முழிக்கத் தேவையில்லையாம். இவன் என்ன கண்டான், தினமும் காலையில் எழுந்து குப்பை முகத்தில் முழிக்கிறவனிடம் வந்து அதைச் சொல்கிறான். இது என்ன, தான் ஏறவேண்டிய பாடையைத் தானே கடையில் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரி... சே, பாடை எதற்கு, வெறும் துடைப்பம்தானே, ஒரு துடைப்பத்துக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா?

ஆனால் அந்த வீட்டில் துடைப்பம் ஒன்றுதான் அவனுடையது, அதுவும் உண்மை. சமையல் ரூபினியுடையது, அவன் வைத்த ரசத்தை அவள் ஒரு தடவை குடித்துவிட்டு ஜலதோஷம் போய்விட்டது என்றாள், அதோடு சரி. துணிக்கு மெஷின். சம்பளம் அவளுடையது. ஜோகுபாளையத்து மாடி வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட இப்போது அவள் கையெழுத்து. வேலையை விட்டு வந்த பிறகு அந்த வீட்டில் இவன் இல்லாவிட்டால் நடக்காது என்று இருந்த ஒரே காரியம் பெருக்குவது. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முக்காட்டை மடித்துக்கொண்டே, ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள், "ஒரு ரோபோ வாங்கிடலாம் கிளிஃப். தானே கொட்டிக்கிற டைப். நீ போய் பாத்து வெச்சிரு, லஞ்ச் டைம்ல நான் வந்துடறேன்." தானே கொட்டிக்கிற டைப் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னாள். சாதாரண ரோபோ போதாதா, அதன் டப்பாவைக் கழற்றிக் கொட்டுவதையாவது இவனுக்கு விட்டுவைத்திருக்கலாமே... இல்லை, அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டும், முழுக்க உட்காரவைத்தால்தான் வேலை தேடுவான் என்று கணக்கு. அப்படித்தான் இருக்கும், வேறு என்ன? நேரடியாகச் சொல்ல மாட்டாள், அவள் வீட்டார் யாருமே நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், மெஷினை வாங்கி வைத்துச் சொல்வார்கள்.

"வீட்ல நிலைப்படி இருக்கு," என்றான் உத்தமனிடம். பழைய வீடு, சிவப்புத் தரை, ரூமுக்கு ரூம் ஒரு மரப்படி. "ஏறிடும் சார்." "உயரமான படி." "இந்த மாடலு சும்மா கால தூக்கி ஏறும் சார், பாக்கறீங்களா?" பார்க்க வேண்டாம். "அல்சூர் மெயின் ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க, சிமென்ட் தூசி மாவு மாதிரி வந்து படியுது." "மாவையும் இழுக்கும் சார்." "முடி?" "பிரஷ்ல சுத்தாது சார், அதுலயே கத்தி இருக்கு, வெட்டிக்கும்." என்ன சொன்னாலும் ஒரு பதில் வைத்திருக்கிறான் கழுதை. பேச்சைக் கேட்டால் தர்மபுரிப் பக்கம், ஊரை விட்டு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது, மேலாளரிடம் கன்னடம், கிளிஃபர்டிடம் தமிழ், இரண்டிலும் அதே சிரிப்பு. இவன் பழைய உத்தியோகத்தில் இருந்திருந்தால் இந்தப் பையனுக்கு நல்ல மார்க் போட்டிருப்பான், வாடிக்கையாளரின் மறுப்பை முகம் சுளிக்காமல் கையாண்டார், பெயர் சொல்லி அழைக்கவில்லை, அதற்கு மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்...

அதுதான் அவன் பார்த்த உத்தியோகம். அமெரிக்காக்காரர்கள் இன்சூரன்ஸ் கேட்டுத் திட்டுகிற போன்களை இங்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடுக்கிறவர்கள் ஒரு கூட்டம், எடுத்தவர்கள் ஒழுங்காகப் பேசினார்களா என்று அந்தப் பதிவுகளைக் கேட்டுக் குற்றம் எழுதுகிறவர்கள் இன்னொரு சின்னக் கூட்டம், இவன் இரண்டாவது. எங்கே பெருமூச்சு விட்டார்கள், எங்கே 'மன்னிக்கவும்' வரவில்லை, எங்கே மௌனம் நீண்டுவிட்டது. ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தான், திரும்பப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னான், முதுகுவலி, மேனேஜர், அம்மாவின் கண் ஆபரேஷன், எதுவும் பொய் இல்லை, எதுவும் காரணமும் இல்லை. வேலை போனாலும் தூக்கம் பழைய ஒழுங்குக்கு வரவில்லை, விடியும்போது பொட்டென்று முழித்துக்கொள்ளும், ஒன்றும் செய்யாமல் கிடக்க முடியாமல் துடைப்பத்தை எடுத்தான். எடுத்தபோதுதான் தெரிந்தது, குப்பையும் ஒரு பதிவுதான். முந்தின நாள் அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன தின்றார்கள், எதைக் கிழித்தார்கள், எல்லாம் முறத்தில் வந்து விழுகிறது. கட்டிலுக்கு அவள் பக்கத்தில் முறுக்குத் துணுக்கு. ஜன்னலடியில் கடித்துத் துப்பிய நகம். பீரோவுக்குக் கீழே சிவாஜிநகர் துணிக்கடை ரசீது, பழைய புடவை என்று சொன்னாளே... அவள் டீ குடிக்க வந்து உட்காரும்போது ஒவ்வொன்றாகச் சொல்வான், சிரித்துக்கொண்டேதான் சொல்வான், 'மேடம் நேத்து நகம் கடிச்சிருக்கீங்க, ஆபீஸ்ல என்ன டென்ஷன்?' அவளும் சிரிப்பாள். அவள் தங்கை ஜோவிதா ஒரு நாள் சாப்பிட வந்திருந்தபோது, "மாமா, எங்க வூட்டுக்கும் ஒரு நாள் வந்து பெருக்கிட்டுப் போங்களேன், இவரு எங்க எங்க போறாருன்னு நானும் தெரிஞ்சிக்கறேன்" என்றாள், மேஜை முழுக்கச் சிரிப்பு, அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ரூபினி சிரித்தாளா அன்றைக்கு? அப்பளம் எடுக்க உள்ளே போனாள் என்றுதான் ஞாபகம். அப்பளம் எடுக்க இவ்வளவு நேரமா என்று யாரோ கேட்டார்கள்...

பிறகு அந்த மாத்திரைத் துண்டு. அது போன மாதம். பச்சை அலுமினியத் தாளில் ஒரு மூலை, கட்டிலின் காலுக்கு அண்டையில், பாதிப் பெயர் மட்டும் அச்சில் இருந்தது. டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். "இது உன்னுதா?" "எது?" "இதான்." "தலைவலி மாத்திர." "தலைவலி மாத்திர செவப்பு அட்டைலதான வரும், இது பச்ச." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ என்ன போலீஸா கிளிஃப்?" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான், அந்தத் துண்டை அவள் எடுத்துக் கைக்குள் மடித்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் பக்கத்துத் தரையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. முறுக்கு இல்லை, நகம் இல்லை, சீவிய முடிகூட இல்லை, குளித்துவிட்டுப் பாத்ரூமையும் அவளே கழுவிவிட்டுத்தான் வெளியே வருகிறாள். வீடு சுத்தமாகிவிட்டது, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் டீயும் சுருக்க முடிந்துவிடுகிறது, அதற்கும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏன் இப்போது தோன்றுகிறது? ஒன்றுமில்லை. நின்று நின்று கால் கடுக்கிறது, அதுதான்.

"சார், இத பாருங்க, இதான் டாப்பு," என்று உத்தமன் இன்னொன்றின் மேல் கை வைத்தான், அதன் நெற்றியில் ஒரு சின்னக் கண். "கேமரா சார். கீழ என்ன கெடக்குதுன்னு அதுவே கண்டுபிடிக்கும். சாக்ஸா, ஒயரா, செருப்பா, போட்டோ புடிச்சி போனுக்கே அனுப்பிடும். நீங்க ஊட்டிக்குப் போயிருந்தாலும் கட்டிலுக்கு அடில என்னன்னு இங்க தெரியும்." தன் போனைத் திறந்து காட்டினான், யார் வீட்டுக் கட்டிலோ, அடியில் ஒற்றைச் செருப்பு, அதைச் சுற்றி மஞ்சள் கட்டம். கிளிஃபர்ட் குனிந்து பார்த்தான். கடைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இது பரவாயில்லையே... பெருக்குவது இது பெருக்கட்டும், பார்ப்பது நாம் பார்க்கலாம், குனிகிற வேலை போனால் போகட்டும், உத்தியோகம் போகாது. தேதி வாரியாக இருக்குமா, பழைய படங்களைத் தேட முடியுமா, என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரூபினி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், கழுத்தில் ஆபீஸ் அட்டை, முழுக்கைச் சட்டை, வெயிலில் வந்த முகம், வழக்கத்தைவிட வெளிறித் தெரிந்தது, ஆட்டோ கிடைக்கவில்லை என்றாள்.

"ரூபி, இது ஒண்ணுதான் லாயக்கு. படி ஏறுது, தானே கொட்டிக்குது. கேமரா வேற இருக்கு, கீழ என்ன கெடக்குதுன்னு படம் புடிச்சி லிஸ்ட்டே போட்டுடுது. காட்டுங்க தம்பி." உத்தமன் காட்டினான். அவள் அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தாள். கிளிஃபர்டைப் பார்க்கவில்லை, அந்த இயந்திரத்தின் கண்ணையும் பார்க்கவில்லை, ஒற்றைச் செருப்பை மட்டும் பார்த்தாள்.

"கேமரா இல்லாதது இருக்கா?" என்றாள்.

"இருக்கு மேடம், ஆனா இதுதான் மேடம் அட்வான்ஸ்டு, கேமரா இருந்தா—"

"வேணாம்ப்பா. பெருக்கினாப் போதும். பாக்க வேணாம்."

சத்தமாகச் சொல்லவில்லை, கோபமும் இல்லை, சாம்பாருக்குக் காரம் வேண்டாம் என்கிற குரல்தான். உத்தமன், "ஆய்த்து மேடம், சரி, முதல்ல சாருக்குக் காமிச்சது அதான், அதுல வெறும் லேசர்தான், படம் புடிக்காது" என்று அந்தப் பக்கம் நடந்தான், அவள் பின்னால் போனாள், கிளிஃபர்ட் கேமரா மாடலுக்கு முன்னால் தனியாக நின்றான். பாக்க வேணாம். அப்படியானால் துடைப்பத்தைப் பிடுங்கவில்லை அவள். துடைப்பம் கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வேலைக்குப் போனால் போகட்டும், போகாவிட்டால் போகட்டும், அதெல்லாம் அவள் கணக்கிலேயே இல்லை, நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு... அவளுக்கு வேண்டியது எதுவும் சொல்லாமல் விழுங்குகிற ஒன்று. தரையில் ஒரு முடி விழுந்தால் அது வெறும் முடியாகவே போய்ச் சேருகிற ஒரு வீடு. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன் என்று இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, எங்கே கழற்றினேன்? அந்தப் போன் எடுக்கிற பெண்கள்கூட எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவள் எங்கே போவாள்? சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்பது ஒரு பதிலா? அங்கேயும் எல்லாக் குற்றத்தையும் மரியாதையாகத்தானே எழுதினேன்.

பில் போடுகிற மேஜையில் உத்தமன் பெட்டியை ஏற்றி வைத்திருந்தான். "சார், ஆப்புல ஒரு நம்பர் குடுக்கணும். யார் போனு? அவங்களுக்குத்தான் மெசேஜெல்லாம் வரும், எப்ப பெருக்குச்சு, எந்த ரூமுன்னு." அவள் மேஜை மேல் ஒட்டியிருந்த ஏதோ விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கிளிஃபர்டுக்கு நாக்கு நுனியில் தன் நம்பர் வந்து நின்றது, பழக்கம், எந்த ஃபாரத்திலும் முதல் நம்பர் அவனுடையதுதான். "அவங்க நம்பர் போடுங்க," என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உத்தமன் நீட்டிய கருவியில் நம்பரை அழுத்துவதற்காக சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள், அப்போது முழங்கையின் உள்பக்கத்தில், மடிப்பு விழுகிற இடத்தில், சின்ன வட்டமாக ஒரு பஞ்சு ஒட்டு, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, இன்னும் காயாத சிவப்பு. ஆட்டோ கிடைக்கவில்லை என்றாளே, டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டா வந்தாள்...

அவன் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். நம்பர் அழுத்தி முடிந்துவிட்டது, உத்தமன் கருவியை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டத் தொடங்கிவிட்டான், ஆனாலும் கையை அவள் எடுக்கவில்லை, மேஜைக் கண்ணாடி மேல் அப்படியே வைத்திருந்தாள், உள்பக்கம் மேலே தெரிய. பார்த்தால் என்ன என்று வைத்திருக்கிறாளா? இதையாவது கேட்காமல் விடுகிறாயா பார்ப்போம் என்றா? இல்லை, இந்த ஒன்றை மட்டும் கேளேன் என்றா? எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எந்த ட்ரெயினிங்கிலும் சொல்லித்தரவில்லையே, அங்கே எல்லாவற்றுக்கும் மார்க் போட ஒரு கட்டம் உண்டு, இதற்குக் கட்டம் எங்கே... கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கிளிஃபர்ட் வாயைத் திறந்தான்.

"தம்பி, இதுக்கு எக்ஸ்ட்ரா பை கெடைக்குமா?" என்றான்.

"கெடைக்கும் சார், ஸ்டாக் பாத்து சொல்றேன்," என்று உத்தமன் உள்ளே போனான். சரியாகத்தான் செய்தோம் என்று கிளிஃபர்ட் நினைத்தான், கேட்கவில்லை, கேட்கவே இல்லை, இதைத்தானே அவள் கேட்டாள்... ரூபினி சட்டைக்கையை மெதுவாக மணிக்கட்டுவரை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவள் முகத்தில் இருந்தது நிம்மதிதானா என்று பார்க்க அவன் நின்ற இடத்திலிருந்து முடியவில்லை.