விழா முடிந்த பிறகு வந்த உத்தரவு

கல்லறைத் தோட்டத்து வாசலில் யக்ஞநாராயணனைப் பார்த்ததும் தபீதாளுக்கு அழுகை நின்றுபோனது.

இரும்புலியூரில் பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவை நடத்திய அதிகாரி அவர்தான். அமைச்சர் வருகிறார், வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் தொற்று பரவ ஆரம்பித்திருந்தது. தபீதாளும் அவள் கணவர் சுந்தர்சிங்கும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். அங்கேயே இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

"சேரையாவது தள்ளித் தள்ளிப் போடலாமே சார்" என்று சுந்தர்சிங் கேட்டார்.

"கட்டுப்பாடு இன்னும் அறிவிக்கல சார். விழா முடியட்டும், தானா வரும்" என்று சிரித்தார் யக்ஞநாராயணன். மேடையிலிருந்து பார்த்தால் அரங்கம் நிறைந்து தெரிய வேண்டுமாம்.

தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். மறுநாளே கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அந்த வாரமே இருவருக்கும் காய்ச்சல். தபீதாள் தேறிவிட்டாள். சுந்தர்சிங் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்தார்.

இப்போது அதே மனிதர் தொற்றுக் கண்காணிப்பு வேலையில், கல்லறைத் தோட்டத்து வாசலில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "இருபது பேருக்கு மேல விட முடியாது. ரூல்ஸ்."

மறைமலை நகர் தொழிற்சாலைகளிலிருந்து வந்திருந்த பழைய மாணவர்கள் கொதித்தார்கள். "எங்க சாரைப் பாக்க இன்னா சார் ரூல்ஸு?" என்று பென்னி முன்னே வந்தான்.

"வேணாம் பென்னி. அவர் சொல்றது சரிதான். எல்லாரும் கிளம்புங்க. உங்க வூட்லயும் வயசானவங்க இருக்காங்க" என்றாள் தபீதாள்.

அவர்கள் மனமில்லாமல் நகர்ந்தார்கள். அதன் பிறகுதான் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்த ரூல்ஸ் தப்புன்னு நான் சொல்லல சார். அன்னிக்கு எங்க போச்சு இது?"

"மேலேர்ந்து ஆர்டர் வந்தாத்தானே மேடம். நான் என்ன பண்ண முடியும்?"

"மைக் உங்க கையிலதான இருந்தது. பாதிப் பேர் வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல எந்த ஆர்டர் வேணும்? ஊர்ல நோய் வந்தப்ப சொல்லியிருக்கணும். உங்க விழா முடிஞ்சப்புறம் இல்ல."



குழியருகே போதகர் ஜெபித்தார். "கர்த்தருடைய சித்தத்தின்படி..."

"இல்ல ஐயா" என்றாள் தபீதாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "கர்த்தர் தலையில இதைப் போடாதீங்க."

 போதகர் அந்த வரியை விட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.