வெள்ளிக்கிழமை பி.பி. கால்

இலுப்பையடியில் அப்போது மொத்தம் பதினேழு டெலிபோன்கள். ஒன்றாம் நம்பர் போலீஸ் அவுட்போஸ்ட், இரண்டாம் நம்பர் ஆஸ்பத்திரி, மூன்றாம் நம்பர் பால்வண்ணநாத பிள்ளை வீடு. அரசாங்கத்துக்கு அடுத்தபடி நாம்தான் என்று பிள்ளை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம்பரை லெட்டர்பேடில் அச்சடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பேச வேண்டுமென்றால் போன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தபாலாபீஸ் பின்னறையில் ஆபரேட்டர் ஞானதுரையின் பலகையில் மூன்றாம் நம்பர் தகடு டக்கென்று கீழே விழும். அவர் ஒயரைச் செருகி, "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். தென்காசியோ குற்றாலமோ மெட்ராஸோ, எந்த ஊர் கேட்டாலும் ஞானதுரையின் கை வழியாகத்தான் போக வேண்டும். பேச்சு முடிந்ததா என்று பார்க்க அவர் நடுநடுவே காது கொடுப்பார். வேலை அப்படி. அந்தக் காதுதான் பிள்ளைக்கு ஆகவில்லை.

பிள்ளையின் மூத்த மகன் சிதம்பரம் எழுபத்தொன்பதில், ஹைதராபாத்தில் கூட வேலை பார்த்த பெண்ணை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டான். வேறு சாதி, வேறு பாஷை. செய்தி கடிதத்தில் வந்தது. பிள்ளை அந்தக் கடிதத்தைப் பங்காளிகள் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே அவன் சத்தம் இந்த வீட்டுப் படி ஏறாது." அதோடு சரி. ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தார். தெருவில் தனக்கிருக்கும் மரியாதையில் பாதி அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்பது அவர் எண்ணம். அவர் மனைவி உலகம்மை அன்றைக்கு அடுப்படியில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின்பும் சொல்லவில்லை.

எண்பத்திநாலில் மகள் காந்திமதிக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு இடம் பேசி வந்தார்கள். பேச்சு முற்றுமுன்னே சலூன்கடை நல்லகண்ணு, கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மாப்ள அம்பாசமுத்திரமாமே அண்ணாச்சி?" என்று கேட்டார். அடுத்த வாரம் மூத்த மகன் விவகாரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள். காந்திமதி பிறகு தூத்துக்குடியில் நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் பிள்ளை மறக்கவில்லை. அம்பாசமுத்திரம் பேச்சு வெளியே போக ஒரே வழிதான் உண்டு, அது ஞானதுரையின் காது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து போனில் "சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எண்பத்தியாறில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கிராமங்களுக்கு ஆட்டோமேட்டிக் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கொடுக்க டெல்லியில் திட்டம் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நம் நாட்டு என்ஜினியர்களே செய்கிறார்கள், நம் வெயிலுக்கும் தூசிக்கும் தாக்குப்பிடிக்கும், ஏ.சி. வேண்டாம். பிள்ளை செய்தியை மூன்று முறை படித்தார். கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டார். 'இதற்கு ஆபரேட்டர் தேவையில்லை.'

மறுநாளே மனு எழுத ஆரம்பித்தார். ஜில்லா டெலிபோன் ஆலோசனைக் கமிட்டிக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. 'நாடு முழுவதும் தகவல் தொடர்பு வளர வேண்டுமென்று அரசு கொண்டுவரும் இந்த மகத்தான திட்டத்தில் இலுப்பையடி பின்தங்கலாகாது' என்று தொடங்கும் அந்த மனு. குற்றாலத்து சீசன் கூட்டம், லாட்ஜுகள், பாவூர்சத்திரத்துக்குக் காய்கறி அனுப்புகிறவர்கள் அன்றன்று விலை கேட்க முடியாமல் படும் பாடு, எல்லாம் அதில் இருந்தது. தன் காரணத்தை மட்டும் அவர் எழுதவில்லை. ஒன்றரை வருஷத்தில் பதினொரு மனு போனது.

எண்பத்தியெட்டு வைகாசியில் கல்யாணராமன் என்ற என்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். இடம் தேடினார். பிள்ளை, பெரிய தெருவில் இருந்த தன் உரக் கிட்டங்கியைக் காலி செய்து, வெள்ளையடித்து, சாவியைக் கையில் கொடுத்தார்.

"சாரல்ல ஈரம் ஏறுமே சார், மெஷினுக்கு ஆகுமா?" என்றார் லைன்மேன் சங்கரபாண்டி.

"ஓடு ஒழுகாம இருந்தா போதும். அதுக்குத்தானே இதை டிசைன் பண்ணியிருக்கு" என்றார் என்ஜினியர்.

பிள்ளை கேட்க வேண்டியதைக் கேட்டார். "நாம பேசுததை நடுவுல யாரும் கேக்க முடியாதே?"

"யாருமே கிடையாது சார். நீங்க டயல் பண்ணினா நேரா அந்த வீட்ல மணி அடிக்கும். அங்கேருந்து பண்ணினா நேரா உங்க வீட்ல அடிக்கும்."

"அப்ப ஆபரேட்டரு?"

"திருநெல்வேலிக்கு மாத்தல் போட்டாச்சு."

சங்கரபாண்டி கம்பத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சிக்கு மெஷினே வேண்டாம் சார். ஜன்னலைத் திறந்துவச்சுப் பேசுனாங்கன்னா தென்காசிக்கே கேக்கும்."

என்ஜினியர் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. வெளியூர் டிரங்க் காலில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். அதனால் அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை திறப்பு விழா. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஞானதுரை பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளை உள்ளே கூப்பிடவில்லை.

"திங்கக்கிழமை திருநெல்வேலியில ஜாயின் பண்ணணும் அண்ணாச்சி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ம்."

"இனிமே பி.பி. கால் வழக்கம் நம்ம ஊர்ல கொறஞ்சுபோகும். பேரு சொல்லி புக் பண்ணி, அந்த ஆளு வந்த பொறவுதான் லயன் குடுப்போம். இப்ப அப்படி இல்ல. யாரு எடுக்காங்களோ அவங்கதான்."

"அது எனக்குத் தெரியாதாவே?"

ஞானதுரை கொஞ்ச நேரம் குடையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். "அண்ணாச்சி வெள்ளிக்கிழமை தவறாம தென்காசி கோயிலுக்குப் போறது வழக்கம். அதை மட்டும் விட்டுராதிய. அஞ்சரை பஸ்ஸு."

"நான் எப்ப கோயிலுக்குப் போகணும்னு டெலிபோன் டிபார்ட்மெண்டு சொல்லணுமாக்கும்?"

"தப்பா நெனைக்காதிய" என்று ஞானதுரை திரும்பி நடந்தார். உலகம்மை கதவுக்குப் பின்னால் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிள்ளை கவனித்தார். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விழா நன்றாக நடந்தது. கைப்பிடிப் பெட்டி போய், சுற்றும் டயல் வைத்த கறுப்பு போன் வந்தது. நம்பர் இருநூற்று மூன்று. கடைசியில் மூன்று நிற்பதில் பிள்ளைக்குத் திருப்தி. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி டயலைப் பழகினார். புறப்படும்போது என்ஜினியர், "நாளைக்கு ஆறு மணிக்குப் பெரிய ஆபீசர் திருநெல்வேலியிலேருந்து உங்களுக்கு போன் பண்ணி லயன் எப்படி இருக்குன்னு கேப்பார். வீட்ல இருங்க" என்றார்.

இப்படியாக, பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே" என்றாள் உலகம்மை.

"ஆபீசர் பேசுதாரு."

"சாமியைவிட ஆபீசர் பெரிசா? போன் வந்தா நான் சொல்லுதேன், நீங்க கோயிலுக்குப் போயிருக்கியன்னு."

"நீ என்னத்தப் பேசுவ? போய் வேலையப் பாரு."

அவள் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நாலு தடவை நடந்தாள். மூட்டுவலி என்று சொல்லி வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர மறுக்கிறவளுக்கு இன்றைக்கு இந்த நடை எங்கிருந்து வந்தது என்று பிள்ளை யோசித்தார்.

ஆறு அடித்து இரண்டு நிமிஷத்தில் மணி அடித்தது. பிள்ளை தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு ரிசீவரை எடுத்தார். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. எடுத்ததும் பேசக் கூடாது. ஞானதுரை "பேசுங்க" என்று சொல்ல வேண்டும், பிறகுதான் பேச வேண்டும்.

அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அவனுக்கு எப்போதும் ஞானதுரை ஆளைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டுத்தான் லயன் கொடுப்பார். எடுத்தது யார் என்று அவன் கேட்டதே இல்லை.

"அம்மா, நான்தான். ஞானதுரை அண்ணாச்சி குடுத்த புது நம்பரு ஒரே தடவையில கெடச்சிருச்சு, பாத்தியளா? மூட்டு எப்படி இருக்கு? போன வாரம் சொன்ன தைலத்தத் தேச்சியளா? ஒங்க பேத்திக்கு முன்பல்லு விழுந்துருச்சும்மா. ஒங்க பேர வச்சது தப்பாப் போச்சு, வாயே ஓயமாட்டேங்கா. உலகம்மைன்னு கூப்பிட்டா, தெலுங்குல சண்டைக்கு வாரா. அப்பா கோயிலுக்குப் போயாச்சா?"

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக இருந்தது.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு உலகம்மை நின்றாள். கையில் கரண்டி.

போனை வைத்துவிடலாம். வைத்தால் சொன்ன சொல் நிற்கும். ஆனால் எந்தச் சொல்? அவன் சத்தம் வாரா வாரம் படியேறி, இதே கூடத்தில், இதே நாற்காலிக்குப் பக்கத்தில் பேசிவிட்டுப் போயிருக்கிறது. தெருவில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளைத்தான் ஊரைவிட்டு அனுப்ப அவர் பதினொரு மனு எழுதினார்.

"அம்மா? கேக்குதா?"

பிள்ளை தொண்டையைச் செருமினார். அவருடைய வழக்கமான உரத்த குரல் வரவில்லை.

"யாரு வேணும்?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றுபோனது போல இருந்தது. பிறகு, வார்த்தை வார்த்தையாக: "பி.பி. காலுங்க. ஹைதராபாத்துல இருந்து. உலகம்மை ஆச்சிக்கு."

"லயன்ல இருங்க."

ரிசீவரை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "ஒனக்கு பி.பி. கால்" என்றார் மனைவியிடம். வேறொன்றும் சொல்லாமல், ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். மகனோடு அவர் பேசவில்லை. ஆபரேட்டர் என்ன பேசுவாரோ அதைத்தான் பேசினார். தெருமுனை வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

தபாலாபீஸ் பின்னறையில் ஞானதுரையும் சங்கரபாண்டியும் பழைய பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் ஞானதுரை ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கோயிலுக்குப் போகலையா அண்ணாச்சி?"

"போகலை." பிள்ளை குடையை உதறினார். "எத்தனை வருஷமா?"

ஞானதுரை கேட்டதைப் புரிந்துகொண்டார். "எண்பத்திரெண்டு மாசியில இருந்து."

"எண்பத்திநாலுக்குப் பொறவுமா?"

"ஆமா."

"நான் ஒம்மகிட்ட முகம் குடுத்துப் பேசலையே."

"நீங்க பேசலைன்னா ஆச்சிக்கு வார காலை நான் எப்படி அண்ணாச்சி நிறுத்த முடியும்? புக் பண்ணினா குடுக்கணும்லா."

சங்கரபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்பத்திநாலு என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது வேறு. "ஏன் அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் சம்பந்தமா? அன்னைக்கு நான் எதுத்த கம்பத்துல இருந்தேன். 'மூத்தவன் விசயம் அவங்களுக்குத் தெரியக்கூடாது'ன்னு ஒங்க மச்சினன்கிட்ட போட்டிய பாருங்க ஒரு சத்தம்! கீழ ஐஸ் விக்கவன் மணியடிக்கதை நிப்பாட்டிட்டான்."

பலகையில் மூன்றாம் நம்பர் தகடு கழற்றப்படாமல் இருந்தது. பிள்ளை அதைப் பார்த்தார்.

"நீரு குடுத்த புது நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார் ஞானதுரையிடம். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாரும். வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரும்." பதிலுக்குக் காத்திராமல் திரும்பிவிட்டார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது போன் கொக்கியில் இருந்தது. உலகம்மை காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுத்துக் குடித்தார். திருநெல்வேலி ஆபீசர் ஏழு மணிக்குப் பேசினார். லயன் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றார் பிள்ளை. அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டிரைக். செங்கோட்டை ரோட்டில் லாரிகளைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்தரைக்குப் பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு, திருநீறு பூசி, குடையோடு புறப்பட்டார். சலூன்கடையைத் தாண்டும்போது நல்லகண்ணு எட்டிப் பார்த்தார்.

"கோயிலுக்கா அண்ணாச்சி? பஸ்ஸு ஓடலையே!"

"தெரியும்வே" என்று பிள்ளை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "எட்டு மணி வரைக்கும் இங்கன இருப்பேன். அந்தப் பேப்பரைக் குடும்."