தங்கச்சி மகள்

ஏழாம் நம்பர் மலையில் காலையிலிருந்தே தூறல் விடவில்லை. கருப்பம்மாவின் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு ஈரத்தில் கனத்து முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. கை தன்பாட்டில் கொழுந்து கிள்ளியது. வாய்தான் முணுமுணுத்தது. இன்றைக்கு அந்தப் பதிவுக்கார ஐயா தொழிலாளர் லயத்துக்கு வருகிறார் என்று நேற்றே தெரியும். அவர் முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதை எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள், ஆரம்பமே சரியாக வரவில்லை.

கங்காணி சிவஞானம் குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்கி வந்தான்.

"கருப்பம்மாக்கா, பத்து மணிக்கு எறங்கிருங்க. கொழும்புல இருந்து கிறிஸ்மஸ் சாமான் குடுக்க வர்றாங்க. ஒங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வரணுமாம்."

"முழுப் பேர் போடுவீங்களா?"

"அதைப் பொறகு பாப்போம்."

பொறகு என்றால் அரைப் பேர், அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். முப்பது வருடம் கொழுந்து பறித்தவளுக்கு அது தெரியாதா. சிவஞானம் போகாமல் நின்றான்.

"இன்னொண்ணு. அந்தப் புள்ள ஒங்க தங்கச்சி மகளுன்னு தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லித்தான் இருக்க விட்டுருக்கேன். அதுல மாத்திப் பேசுனீங்கன்னா, இன்னைக்கே ரெண்டு பேத்தையும் வெளியேத்த வேண்டி வரும். வெளியாளு லயத்துல தங்கக் கூடாதுன்னு தொரை எழுதியே குடுத்துருக்காரு."

"சரி, போங்க."

கருப்பம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது. மூன்று அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி அவள். லயத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். சிவஞானத்துக்கும் தெரியாமல் இருக்காது.

போன மாதக் கடைசியில் பெய்த மழையில் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண் சரிந்து இரண்டு லயங்களை மூடிவிட்டது. தப்பியவர்களைக் கொண்டுவந்து இங்கே கீழே உள்ள பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். கருப்பம்மா ஒருநாள் லயத்து ஆட்களோடு சேர்ந்து சோறு கொண்டு போனாள். வகுப்பறைத் தரையில் சாக்கை விரித்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மாதக் குழந்தை. அது இருமுவதைக் கேட்கவே முடியவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது.

அவள் பெயர் நிஷாந்தினி. புருஷன் ஜெயகுமார் கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் சமையலறை வேலை. கிறிஸ்மஸ் சீசனில் லீவு கேட்டால் வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார்களாம்.

"இந்தச் சீமெந்துத் தரையில கெடந்தா புள்ள தங்காது. லயத்துல என் காம்பராவுல நான் ஒருத்திதான். வா," என்றாள் கருப்பம்மா.

"நான் வரல. இங்க பேரு எழுதிக்கிட்டு இருக்காங்க. எழுந்து போனா விட்டுப்போயிரும்."

வீடு போனவர்களின் பட்டியல் அது. அதில் பெயர் இருந்தால் ஆறு மாதம் வாடகைக் காசு, பிறகு புது வீடு. அதற்காகத்தான் காய்ச்சலோடும் இருமலோடும் அத்தனை சனமும் இடத்தை விட்டு அசையாமல் கிடந்தது.

"பேரு எங்கடி ஓடிப்போகப் போவுது? நான் நின்னு பதிஞ்சு தாறேன்," என்று சொல்லிக்கொண்டே கருப்பம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையோடு படியிறங்கி நடந்துவிட்டாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள், பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

லயத்து வாசலில் சிவஞானம் மறித்தான். "யாரு இது?" என்று கேட்டான். "என் தங்கச்சி மக," என்று கருப்பம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த நேரத்துக்கு அது நல்ல பொய். குழந்தை உள்ளே போனது, அடுப்படியில் சூடேறிய தரையில் படுத்தது. நாலாம் நாள் இருமல் தணிந்தது.

அதே நாலாம் நாள்தான் பதிவுக்கார இரகுநாதன் ஐயா ஃபைலோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர், யாரையும் ஒருமையில் பேசாதவர். பக்கத்தில் சிவஞானம் நின்றான். "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறையம்மா?" என்று ஐயா கேட்டார். சிவஞானத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கருப்பம்மா மறுபடியும் தங்கச்சி மகள் என்றாள். ஐயா எழுதிக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

மூன்று நாளைக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். அதில் இருந்தவர்கள் வாடகை வீடு தேடிக் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்தைக் கழுவிப் பூட்டினார்கள். நிஷாந்தினியின் பெயரைப் பட்டியலில் அடித்திருந்தார்கள். பக்கத்தில், உறவினர் வீட்டில் வசிக்கிறார், வீடற்றவர் அல்லர் என்று குறித்திருந்தார்கள்.

அன்று அவள் பேசியதைக் கருப்பம்மா சாகும்வரை மறக்கமாட்டாள்.

"ஒங்கள நான் கேட்டேனா? கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கால்ல விழுந்தேனா? புள்ளையத் தூக்கிக்கிட்டு நீங்க பாட்டுக்கு நடந்தீங்க. இப்ப எனக்கு வீடும் இல்ல, பேரும் இல்ல."

"நன்றி கெட்டவளே. அன்னைக்கு விட்டுட்டு வந்திருந்தா புள்ளையே இருந்திருக்காது."

"இப்ப இருக்கிற புள்ளைய எங்க கொண்டு போயி வளக்கிறது?"

கருப்பம்மா அடுப்படிக்குப் போய் விறகை முறித்துக்கொண்டிருந்தாள். முறிக்க வேண்டிய அளவுக்கு மேல் முறித்தாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ஒரே காம்பராவில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து மணிக்கு அவள் மலையிலிருந்து இறங்கியபோது தண்ணீர் விழும் பீலியடியில் பெரியாயி குடம் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரி. வெளியாள் வந்த நாளிலிருந்தே அவளுக்கு முகம் சரியில்லை.

"போ போ, ஒன்னயத்தான் படம் புடிக்க வர்றாங்களாம். வேலியில போன ஓணான எடுத்து மடியில வுட்டவளுக்குப் பரிசு குடுப்பாங்க."

"ஒன் மடியில வுடலையே. தண்ணியப் புடிச்சிக்கிட்டு நவுரு."

"நாளைக்கு லயத்துக்கு வீடு கட்டிக் குடுக்கிறப்ப அவளும் ஒரு பங்கு கேப்பா. அன்னைக்கு எங்ககிட்ட வந்து அழாத."

அந்தோனியார் கோயிலடியில் வேன் நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் சிவப்புத் தொப்பியோடு வழுக்கும் பாதையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் பிரசாந்தினி, கொழும்பில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை. பின்னால் இரண்டு பேர் பதாகையை விரித்துப் பிடித்தார்கள். அந்நியரை அன்போடு ஏற்போம் என்று அதில் எழுதியிருந்தது. இரகுநாதன் ஐயா ஃபைலைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். சிவஞானம் கூடவே வந்து வாசல் இஸ்தோப்பின் தூணோரமாக நின்றான்.

"நீங்கதானே அந்த அம்மா? கோயில்ல சொன்னாங்க, கேட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு," என்று பிரசாந்தினி கருப்பம்மாவின் ஈரக் கையைப் பிடித்தாள். பொய்யாகத் தெரியவில்லை, கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "நீங்க ஒண்ணும் பயப்பட வேணாம். கெமராவப் பார்த்து, இவங்க யாரு, எப்படிக் கூட்டிட்டு வந்தீங்கன்னு சொன்னாப் போதும்."

நிஷாந்தினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கருப்பம்மா அவளைப் பார்த்தாள். அவள் பார்க்கவில்லை. சிவஞானம் பார்த்தான்; லேசாகத் தலையை ஆட்டினான். தங்கச்சி மகள் என்றால் கூரை நிற்கும், பெயர் போகும். யாரோ என்றால் பெயர் வரும், கூரை போகும். கூரை என் கூரை, போனால் போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு கருப்பம்மா ஒரே மூச்சில் சொன்னாள்.

"இவ என் தங்கச்சி மக இல்லங்க. எனக்குத் தங்கச்சியே இல்ல. இவ யாரோ எவளோ, பள்ளிக்கூடத்துல பாத்துக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஐயாகிட்ட நான் சொன்னது பொய்யி. ஐயா, எழுதிக்கிருங்க. இவளுக்கு வீடு இல்ல."

சிவப்புத் தொப்பிக்காரர்கள் கைதட்டினார்கள். "யாரோ எவளோவாம்," என்று பிரசாந்தினி பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். "இதைத்தான் நாங்க தேடி வந்தோம்."

கருப்பம்மா அவளை விட்டுவிட்டு இரகுநாதன் ஐயாவிடம் போனாள். அவர் ஃபைலைத் திறக்கவில்லை.

"அம்மா, நீங்கள்தானே அண்டைக்குத் தங்கச்சியின்ர மகள் எண்டு சொன்னனீங்கள். நான் சாட்சியோட எழுதிப்போட்டன். இப்ப வாயால இல்லையெண்டால் நான் வெட்ட ஏலாது."

"என்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்யிறேன்."

"சொந்தமில்லை எண்டு தோட்டத்து மனேஜரிட்ட ஒரு கடிதம் வேணும். அதோட வந்தால் திருத்தலாம். ஆனா இண்டைக்குப் பின்னேரம் லிஸ்ட் மேல போகுது."

"தொரை கிறிஸ்மஸ் லீவுல போயிட்டாருங்களே. ரெண்டாந் தேதிதான் வருவாரு."

"அப்ப அடுத்த லிஸ்ட் வந்தால் பாப்பம்."

"அடுத்தது எப்பங்க?"

"அது எனக்கும் தெரியாது அம்மா." அவர் மனம் வருந்தித்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பொலித்தீன் பையின் வாயை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

சிவஞானம் தூணைவிட்டு வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாருக்கும் முன்னால வெளியாளுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இதுக்கு மேல நான் இருக்க விட்டா என் வேலை போயிரும். பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு அனுப்பிருங்க. இல்லாட்டி ஒங்க காம்பராவுக்கும் சேத்துத்தான் பூட்டு போடச் சொல்வாங்க."

"பூட்டு போட்டுட்டுப் போ. நானும் அவளோட போறேன்."

நிஷாந்தினிதான் குறுக்கே பேசினாள். "வேணாம். ஒங்க காம்பரா போனா அதுக்கும் நான்தான் காரணம்னு ஊர் சொல்லும். நான் போறேன்."

அவளுக்குக் கட்ட ஒன்றும் அதிகம் இல்லை. வந்தபோது கொண்டுவந்த அதே பை, குழந்தையின் துணி, ஒரு போத்தல். ஐந்து நிமிஷத்தில் இஸ்தோப்பைத் தாண்டி வாசல் சேற்றில் நின்றாள். கருப்பம்மா தன் சால்வையை எடுத்து ஓடி வந்து குழந்தையின் தலையில் சுற்றினாள்.

"எங்கடி போவ?"

"பதுளைக்குப் போயி பஸ் ஸ்டாண்டுல நின்னு அவருக்குப் போன் பண்றேன்."

"அவன் ஹோட்டல்ல ஆம்பளைங்களோட படுத்துக் கெடக்கிறான். ஒன்ன எங்க வச்சிருப்பான்?"

கருப்பம்மா பிரசாந்தினியிடம் திரும்பினாள்.

"அம்மா, இவள வெளிய அனுப்பச் சொல்றாங்க. போக எடமில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாங்க."

பிரசாந்தினி சிவஞானத்தைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது. "ஐயோ, இது தோட்டத்து விஷயம்தானே. நாங்க தலையிட்டா அடுத்த வருஷம் உள்ள வரவே விடமாட்டாங்கம்மா. நான் கொழும்புக்குப் போய் யாரிட்டயாவது கதைச்சுப் பார்க்கிறேன்."

அப்போது கெமராக்காரன் அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். தூறல், கையில் பை, சால்வைக்குள் குழந்தை.

"அம்மா, ஒரே ஒரு உதவி," என்றாள். "நீங்க இவங்கள மொதல்ல கூப்பிட்ட அந்தக் காட்சி எங்க வீடியோவுல இல்ல. நீங்க வாசல்ல நின்னு, உள்ள வாங்கன்னு கூப்பிடுங்க. தங்கச்சி, நீங்க அந்தப் பையோடயே மெல்ல நடந்து உள்ள வாங்க. ரெண்டு நிமிஷம்தான்."

நிஷாந்தினி குழந்தையைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, குழந்தை நனைந்துகொண்டிருந்தது. உள்ளே வந்தால் இரண்டு நிமிஷமாவது நனையாது.

ஒருவன் சிவஞானத்தை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னான். அவன் தள்ளி நின்றான்.

கருப்பம்மா நிலைப்படியில் நின்றாள். "வாம்மா, உள்ள வா," என்றாள். நிஷாந்தினி சேற்றிலிருந்து ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அழகா இருந்திச்சு," என்றான் கெமராக்காரன். "ஆனா தலையக் குனிஞ்சிட்டீங்க. இன்னொரு தடவை வெளிய போயிட்டு வாங்க."

நிஷாந்தினி வெளியே போனாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, முன்பு நின்ற இடத்துக்கே போய் நின்றாள்.