சாம்பிராணி போட்ட முட்டைப்பெட்டி

எகிப்தின் ஸிஃப்தா ஊரில் ஹாஜி ஷலபியின் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். கீழ்த்தளத்தில் மூத்தவள் நாதிரா, மேல்தளத்தில் இளையவள் இன்ஸாஃப். மொட்டைமாடி இருவருக்கும் வேண்டும். நாதிராவின் புருஷனுக்கு அங்கே புறாக்கூடு கட்ட வேண்டும்; இன்ஸாஃபுக்கு ஃபையூம் கோழி வளர்த்துத் தனக்கென்று ஒரு பிழைப்பு வேண்டும். மாடிச் சாவியை அங்கிப் பையில் வைத்திருந்த, தலைப்பாகை கட்டிய ஹாஜி தீர்ப்பும் சொல்லியிருந்தார்.

"பெட்டியில குஞ்சு பொரிச்சா மாடி இன்ஸாஃபுக்கு. பொரிக்கலன்னா புறாவுக்கு."

மீன்கடைத் தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன மின்விசிறி, கிண்ணத்தில் தண்ணீர்: இதுதான் இன்ஸாஃப் செய்த அடைகாக்கும் பெட்டி. இன்ஸாஃப் வேளை தவறாமல் முட்டைகளைத் திருப்பி வைத்தாள். மின்சாரம் போனபோதெல்லாம் வெந்நீர் பாட்டில்களை உள்ளே அடுக்கினாள். மூன்றாம் வாரக் கடைசியில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. இரண்டு முட்டைகளில் விரிசல்கூட விழுந்துவிட்டது.

அன்று பார்த்து நாதிரா மேலே ஏறி வந்தாள்.

"என்னடி, மீன் நாத்தம் இன்னும் போகலையே! குஞ்சு வருமா, கருவாடு வருமா?"

"வந்ததும் உன் வாசல்லதான் எச்சம் போடும்க்கா, கவலைப்படாதே."

நாதிரா விரலை நீட்டி முட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

"எண்ணாதே! கண்ணு படாம மாஷா அல்லாஹ்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"முட்டைக்கெல்லாமா சொல்லுவாங்க? பொரிக்கட்டும், அப்ப சொல்றேன்" என்று நாதிரா இறங்கிப் போனாள்.

கண்ணேறு கழிக்க உட்கார்ந்தாள் இன்ஸாஃப். காகிதத்தில் பொம்மை வெட்டி ஊசியால் குத்தினாள். "நாதிரா கண்ணுல ஒரு குத்து. அவ புருஷன் கண்ணுல ஒரு குத்து." பொம்மையைத் தணலில் போட்டு, படிகாரமும் சாம்பிராணியும் தூவி, பெட்டியைச் சுற்றிப் புகை காட்டினாள். அது போதவில்லை. உள்ளே இருப்பவற்றுக்கும் புகை பட வேண்டாமா? மின்விசிறி காற்றிழுக்கும் ஓட்டையருகே தணல்சட்டியை வைத்து, ஜன்னல்களை அடைத்துவிட்டுத் தொழப் போனாள்.

திரும்பி வந்தபோது கீச்சுச் சத்தம் இல்லை.

"கண்ணு வச்சுட்டா! என் குஞ்சுங்கள முழுங்கிட்டா!"

அலறல் கேட்டு ஹாஜியும் நாதிராவும் ஓடி வந்தார்கள். ஹாஜி மூடியைத் திறந்தார். குப்பென்று புகை முகத்தில் அடித்தது. முட்டையோட்டைப் பிளந்து நீண்டிருந்த இரண்டு அலகுகளும் அசையவில்லை. ஹாஜி மின்விசிறியின் இறக்கையைத் தடவி, கறுத்த விரலை இளைய மருமகளிடம் காட்டினார்.

"கண்ணு பட்டா கரி ஒட்டுமா, மகளே?"

நாதிரா தணல்சட்டியிலிருந்து பாதி கருகிய பொம்மையை நகத்தால் தூக்கினாள்.

"இது நானா? நான் இவ்வளவு குண்டா?"

பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "மாஷா அல்லாஹ்."

இன்ஸாஃப் அவள் கூந்தலைப் பிடிக்கப் பாய்ந்தாள். ஹாஜி குறுக்கே நின்று, பையிலிருந்த சாவியை எடுத்து நாதிராவின் கையில் வைத்தார்.

மறுநாள் காலை மாடியில் ஆணி அடிக்கும் சத்தம் தொடங்கியது. மேல்தளத்தில் இன்ஸாஃப் கத்தரிக்கோலை எடுத்தாள். இந்த முறை இரண்டு பொம்மைகள் வெட்டினாள். ஒன்றுக்குத் தலைப்பாகை இருந்தது.