பவதோஷ் மித்ரா கேட்ட வால் துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாத்திபாகான் உணவகத்தின் ஜன்னலோர மேஜையில் இருந்தவர்கள் நால்வர். பாக்பஜார் மித்ரா குடும்பத்தின் மூத்தவரான பவதோஷ் மித்ரா; மற்றவர்களுக்கு அவர் பவதோஷ்தா, அதாவது பவதோஷ் அண்ணன். நாற்பது வருடமாக அவருடைய சிநேகிதரான சுதீன் நாக். சுதீனின் மனைவி கேத்தகி. டெல்லியில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஆறு வாரத்துக்கு முன் கல்கத்தா திரும்பியிருந்த பரிமல் சென். ஐந்தாவதாக யாரும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு இந்தச் சாப்பாடு நடக்கும். சுதீன் எப்போதும் பவதோஷுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அன்று பரிமலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பவதோஷின் பக்கத்து நாற்காலியில் நனைந்த குடைகளைச் சாய்த்து வைத்தார்கள்.

சுதீனும் பரிமலும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. மேலதிகாரியின் கண்ணாடியைக் குரங்கு பறித்துக்கொண்டு போன கதையைப் பரிமல் சொன்னபோது சுதீன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பவதோஷ் சொன்ன எதற்கும் நாற்பது வருடத்தில் அவர் ஒரு முறைகூட மேஜையைத் தட்டியதில்லை.

பாகற்காய் போட்ட சுக்தோ கூட்டும் பருப்பும் முடிந்தன. அடுத்தது மீன். என்ன மீன் என்று மூத்தவர் சொல்வதுதான் அந்த மேஜையின் வழக்கம். பவதோஷ் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் பரிமல் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டார்.

"முள் எடுத்த இலிஷ் நாலு. பவதோஷ்தாவுக்குச் சிரமம் இருக்காது பாருங்க."

இலிஷ் மீனின் மயிரிழை முட்களை நாக்காலேயே பிரித்து உதட்டோரம் ஒதுக்கத் தெரியாதவர் மித்ரா வீட்டில் பிறந்ததில்லை. முள் எடுத்த இலிஷ் நோயாளிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உரியது.

"எனக்கு வால் துண்டு," என்றார் பவதோஷ். "முள்ளெல்லாம் அது அது இடத்துலயே இருக்கட்டும்."

"வாலா? அது மீன் இல்லையே, ஊசி டப்பா," என்றார் கேத்தகி.

"எங்க வீட்ல அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வால்தான் போடுவோம்."

"அஞ்சு வயசுக்குச் சரி பவதோஷ்தா, இப்ப எழுபத்திநாலு ஆச்சே," என்றார் சுதீன். பரிமலும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சேர்ந்த சிரிப்பு பவதோஷுக்குச் சுருக்கென்றது.

இலிஷ் சாப்பிடும்போது தலை நிமிரக் கூடாது. அது பவதோஷுக்குத் தெரியும். ஆனால் பரிமல் தன் பங்குக்கு வந்த பொரித்த மீன்முட்டையை எடுத்துச் சுதீனின் தட்டில் வைத்தார். சுதீன் அதை வெகு இயல்பாக வாயில் போட்டுக்கொண்டார். சுதீனுக்கு மீன்முட்டை கொடுத்து வந்தது இத்தனை வருடமாகப் பவதோஷின் கைதான். அவர் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த நொடியில் முள் தொண்டையில் தைத்தது.

அவர் இருமவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். முள் நகரவில்லை, கண்ணில்தான் நீர் கட்டியது. சுதீன் எதையும் பார்க்கவில்லை. பரிமல் பார்த்துவிட்டார். முள்ளைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

பரிமல் தன் தொண்டையில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா, எனக்கு முள்ளு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் வெறும் சோறு கொண்டாங்கப்பா."

"முள்ளே இல்லாத மீன்ல முள்ளா?" சுதீன் மறுபடியும் மேஜையைத் தட்டினார். "டெல்லிக்குப் போயி உருப்படாமப் போயிட்டியேடா."

"கொல்லைப்பக்கம் பூனை இருந்தா அது கால்ல விழுங்க," என்றார் கேத்தகி. "பூனை மனசு வெச்சா முள்ளு இறங்கிடும்."

"எந்தப் பூனைன்னு காட்டுங்க அண்ணி, விழுந்துடறேன்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கையில் பரிமல் ஒரு வாய் விழுங்கிவிட்டு, பவதோஷின் முகத்தைப் பார்க்காமலே சோற்றுக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். பவதோஷ் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினார். இரண்டாவது உருண்டையோடு முள் இறங்கிவிட்டது. அவர் நன்றி சொல்லவில்லை. பரிமலை முன்னைவிட அதிகமாக வெறுத்தார்.

மறுநாள் காலை நடை முடிந்து பாக்பஜார் படித்துறைத் தேநீர்க் கடைக்கு அவர் போனபோது, சுதீன் தன்னோடு நடக்கிறவர்களுக்கு முந்தின நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் அதற்குள் பூனை நிஜமாகவே வந்திருந்தது. பரிமல் அதன் இரண்டு காலையும் பிடித்துக் கெஞ்சிவிட்டிருந்தார்.

"வாங்க பவதோஷ்தா, இங்க உக்காருங்க." சுதீன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "நீங்களே சொல்லுங்க. அவன் பூனை கால்ல விழுந்தானா இல்லியா? முள்ளெடுத்த மீனையே திங்கத் தெரியல. அடுத்த மாசம் அவன் வேண்டாம், பழையபடி நாமளே போவோம்."

ஆறு வாரமாகப் பவதோஷ் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். சுதீனுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். ஆனால் ஒரு சென் சொன்ன பொய்யின் நிழலில் ஒரு மித்ரா எப்படி உட்காருவது?

அவர் நின்றபடியே சொன்னார்.

"பூனையே கிடையாது. முள்ளு மாட்டினது பரிமலுக்கு இல்ல, எனக்கு."