பட்டியலில் இல்லாத சுவிட்ச்

நில்டாவின் தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை புருஷனோடு பேச விடுவதாகத் தலைநகர் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார்கள். நிமோனியா இரண்டு நுரையீரலையும் பிடித்துவிட்டது. குழாய் இறக்கினால் மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள். எழுவாளா என்று கேட்டதற்கு டாக்டர் பேச்சை மாற்றினார்.

அவள் புருஷன் எவரிஸ்தோ கோதோயால் போக முடியவில்லை. வெள்ளம் சாலையைத் தின்றிருந்தது. புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. ஊரில் மிச்சமிருந்தது கூட்டுறவுச் சங்கத்தின் கம்பித் தொலைபேசிதான். அதன் சர்வர்களைக் கவனிப்பதே அவர் வேலை. வீட்டு எண்ணை விட்டுவிட்டு அலுவலக எண்ணைக் கொடுத்தார். அது தன் கண் முன்னால் இருக்கிறது, அறாது என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னார்.

அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் முன்பு போல இப்போது தனிப் பெட்டி இல்லை. ஒரே சர்வருக்குள் ஓடும் பல மெய்நிகர் கணினிகளில் அதுவும் ஒன்று. அவற்றை வெளியுலகோடு இணைப்பது ஒரு மெய்நிகர் சுவிட்ச், மென்பொருளாலான இணைப்புப் பெட்டி. கையால் தொட முடியாது. நிர்வாகத் திரையில் ஒரு வரியாகத் தெரியும், அவ்வளவுதான்.

காத்திருக்க முடியாமல் அந்தத் திரையைத் திறந்தார். சுவிட்சுகளின் பட்டியல் காலி.

பக்கத்து மேசையில் பிரெண்டா ஒரு குவளை மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்ப்பவள், இரண்டு பிள்ளைக்காரி. எழுந்து வந்து பார்த்துவிட்டு, ரிசீவரை எடுத்து அவர் காதில் அழுத்தினாள். டயல் டோன் கேட்டது.

"லைன் நல்லாத்தான் இருக்கு பெருசு. திரைதான் பொய் சொல்லுது. பட்டியலைக் காட்டற நிர்வாக சர்வீஸை மட்டும் நிறுத்தித் திருப்பிப் போட்டா பட்டியல் வந்துரும். வேற எதையும் நோண்டிராத."

"இப்ப நல்லாருக்கு. அவ கூப்பிடறப்ப போச்சுன்னா?"

போகாது என்றாள். டீசல் ஊற்றிவிட்டு வந்து தானே சரிசெய்வதாகச் சொல்லி ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனாள்.

பெட்டியில் விளக்கு எரியாவிட்டால் பெட்டி செத்தது என்று பழகிய ஆள் எவரிஸ்தோ. காலிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா உட்கார முடியவில்லை. அதே பெயரில் புதிய சுவிட்ச் ஒன்றை உருவாக்கினார். வெளிக்கம்பியோடு சேரும் நெட்வொர்க் கார்டு வேறெங்கோ மாட்டியிருப்பதாக எச்சரிக்கை வந்தது. வலுக்கட்டாயமாகப் பிடுங்கிப் புதியதில் மாட்டினார். பெயர் ஒன்றாக இருந்தால் கணினிகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்.

ஒட்டவில்லை. ரிசீவரை எடுத்தார். சத்தமே இல்லை.

பிரெண்டா திரும்பி வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சர்வீஸைத் திருப்பிப் போட்டாள். பட்டியலில் இரண்டு சுவிட்சுகள் வந்தன. பழையது எங்கும் போயிருக்கவில்லை. எல்லாக் கணினிகளும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன, வெளியே போக வழியில்லாமல். அவள் திட்டவில்லை. மவுஸை வாங்கி ஒவ்வொன்றாகத் தானே புதியதற்கு மாற்றினாள்.

டோன் வந்ததும் எவரிஸ்தோ ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

"போட்டுப் போட்டுப் பாத்தோம் ஐயா, போகவே இல்ல," என்றாள் நர்ஸ். "போன் அவங்க கையிலதான் இருந்துச்சு. 'அவர் சரி பண்ணிட்டிருப்பாரு, இன்னும் கொஞ்சம் பொறுங்க'ன்னாங்க. டாக்டரும் பொறுத்தாரு. அப்புறம் மூச்சு ரொம்ப மோசமாயிருச்சு."

போனை அவள் காதில் வைக்கச் சொன்னார். மயக்கத்துல இருக்காங்க, கேக்காது ஐயா என்றாள். பரவாயில்லை, வைங்க என்றார்.

மறுமுனையில் மெஷின் மூச்சு விடுவது கேட்டது.

"லைன் வந்துருச்சு, நில்டா."

நர்ஸ் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வேறொரு கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டாள்.